எந்தத் தேதி எம்டன்?

கேள்வி: பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் விமான மாடல் கிட்டுகள் நிறையச் செய்திருக்கிறேன். இப்போது முதல்முறையாக ரெசினில் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிசின்) ஒரு கிட் வாங்கினேன். 1/700 அளவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். கப்பலின் உடலைக் கண்ணாடி மேல் வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வழக்கமான பிளாஸ்டிக் பசை ஒட்டவே மாட்டேன் என்கிறது. சோதனைக்கு அடித்துப் பார்த்த பெயிண்ட் நகம் பட்டாலே உரிகிறது. பெட்டியில் கப்பல் வெள்ளை, மூன்று புகைபோக்கி. வேறோர் ஓவியத்தில் சாம்பல் நிறம், நான்கு புகைபோக்கி. எது சரி? நான் ஏமாந்துவிட்டேனா?
- பெயர் வேண்டாம் (வீட்டில் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன்), திருச்சி.

பதில்: ஏமாறவில்லை. வளைவு, ஒட்டாமை, உரிதல் மூன்றும் ரெசினோடு கூடவே வருபவை. அவற்றைச் சரிசெய்துவிடலாம். ஆனால் உங்கள் நிறக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பாகத்தை ஒட்டுவது, எதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. நீங்கள் செய்யப்போவது எந்தத் தேதி எம்டன்?

நீங்கள் பார்த்த இரண்டு படங்களும் சரிதான். 1908-ல் டான்ஸிக்கில் நீரில் இறக்கப்பட்ட கப்பல் இது. 1910-லிருந்து சீனக் கரையில் சிங்தாவோ துறைமுகத்தில் இருந்த ஜெர்மன் கிழக்காசியப் படையில் சேர்ந்திருந்தது. அமைதிக்காலத்தில் அங்கே உடல் முழுக்க வெள்ளை, புகைபோக்கிகள் மஞ்சள் கலந்த பழுப்பு. 1914-ல் போர் வந்ததும் சாம்பல் பூசிக்கொண்டது. நான்காவது புகைபோக்கி போலி. கித்தானும் மரச்சட்டமும் வைத்துக் கப்பல் ஆட்களே கட்டியது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் இதை பிரிட்டிஷ் கப்பல் யார்மவுத் என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான். 1914 அக்டோபர் 28 விடியற்காலை இந்த வேஷத்தோடுதான் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தது. ஆக, வெள்ளைக் கப்பலில் நாலு புகைபோக்கி வைத்தால்தான் தப்பு.

படகுகளும் தேதிக்குத் தேதி மாறும். நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க ஐம்பது பேர் நீராவிப் படகிலும் இரண்டு துடுப்புப் படகுகளிலும் கரைக்குப் போயிருந்தார்கள். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வருவதைப் பார்த்ததும் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அவர்களை அங்கேயே விட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் கடைசிச் சண்டையைக் காட்டுவதாக இருந்தால் அந்த மூன்று படகுகளையும் ஒட்டக் கூடாது. பெட்டியில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒட்டிவிடுபவர்கள்தான் அதிகம்!

நம் ஊர்க்காரர்களுக்கு செப்டம்பர் 22 மீது, அதாவது எம்டன் சுட்டு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த இரவின் மீது, ஆசை இருக்கும். தாராளமாகச் செய்யலாம். அதற்கும் சாம்பல்தான். துறைமுகமே இல்லாமல், நடுக்கடலில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு திரிந்த கப்பல். அக்டோபரில் இந்தியப் பெருங்கடலில் உள்ள டியகோ கார்சியா தீவுக்குப் போன பிறகுதான் அடிப்பாகத்தைச் சுரண்ட நேரம் கிடைத்தது. அதனால் துருவும் கரியும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கலாம்.

என்னைக் கேட்டால் உங்களுக்குப் பினாங்கு. வெள்ளை பெயிண்ட் இரக்கமில்லாதது, ஊசிமுனைப் பள்ளத்தைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் மன்னிக்கும். நான்காவது புகைபோக்கியைக் காகிதத்தைச் சுருட்டி நீங்களே செய்துகொள்ளலாம். அது கொஞ்சம் கோணலாக வந்தாலும் யாரும் கேட்க முடியாது, அசலே துணிதானே.

சரி, இப்போது ரெசின். சிலிக்கான் ரப்பர் அச்சில் ஊற்றி எடுக்கிற பாகங்கள் இவை. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர ஒரு வழுக்கும் பூச்சு அடிப்பார்கள், அது பாகத்தின் மேலேயே தங்கிவிடும். உங்கள் பெயிண்ட் உரிவதற்கு அதுதான் காரணம். அடித்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக் கழுவுங்கள். சின்னப் பாகங்கள் சாக்கடையில் போய்விடாமல் டீ வடிகட்டியில் போட்டுக் கழுவுவது நல்லது. நன்றாகக் காய்ந்தபின் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அதற்கப்புறம்தான் நிறம்.

வளைவுக்கு வெந்நீர். கொதித்த தண்ணீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, கப்பல் உடலை அதில் முக்கி வையுங்கள். இளகியதும் எடுத்து, கண்ணாடி மேல் சமமாக அழுத்திப் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அப்படியே நின்றுவிடும். ஒரே தடவையில் சரியாகாவிட்டால் மறுபடி செய்யுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். 17 சென்டிமீட்டர் நீள ரெசின் துண்டு பட்டென்று முறியும்.

பசை விஷயம் எளிது. பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்ட வைக்கிறது. பாலியூரித்தேன் ரெசின் அதில் கரையாது. ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூ போதும், கனமான பாகங்களுக்கு அரால்டைட். சூப்பர் க்ளூவின் ஆவி பக்கத்திலேயே வெள்ளையாகப் படியும். எனவே முடிந்தவரை பெயிண்டுக்கு முன்னாலேயே ஒட்டிவிடுங்கள். காற்றுக் குமிழ் விட்ட ஓட்டைகளைக் கார் டிங்கரிங் கடையில் கிடைக்கும் பட்டியால் அடைக்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரெசினை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், அறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ரெசினில் வார்த்த கொடிமரங்கள் நம் ஊர் வெயிலுக்கு மெல்ல மெல்லச் சாய்ந்துவிடும். அவற்றை அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்யுங்கள். பீரங்கிகள் 10. முன்னால் பக்கம் பக்கமாக இரண்டு, பின்னால் அதேபோல் இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. குழல் இந்த அளவில் 6 மில்லிமீட்டர்தான் வரும், அதற்கும் பித்தளைக் கம்பியே மேல். அசல் பீரங்கிகளில் ஒன்று சிட்னி நகரத்தின் ஹைட் பார்க்கில் நிற்கிறது. அதன் படங்களைத் தேடிப் பாருங்கள், கிட்டோடு வந்த வரைபடத்தைவிட உபயோகமாக இருக்கும்.

கொடிமரங்களுக்கிடையே இழுக்கும் கயிறுகளுக்கு, பிளாஸ்டிக் கிட்டுகளில் பாகங்களை வெட்டியெடுத்தபின் மிச்சமிருக்கும் சட்டத்தைச் சூடாக்கி இழுத்த மெல்லிய இழையே போதும். முதல் கப்பலில் படத்தில் இருக்கிற எல்லாக் கயிற்றையும் கட்டப் போகாதீர்கள். கொடிமரங்களைத் தாங்கும் நாலைந்து கயிறுகளும், இரண்டு மரங்களுக்கும் நடுவே ஓடும் வானொலிக் கம்பியும் இருந்தால் போதும்.