எம்ஜிபி: பின்பக்க ஆன்ட்டி-ரோல் பார் வாங்கும் முன்

உங்கள் 1976 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஆட்டோகிராஸ் என்னும் நேரப்போட்டியின் கூம்புகளுக்கிடையே திரும்ப மறுத்து முன்பக்கம் வெளியே தள்ளுவதாகவும், வளைவை விட்டு வெளியேறும்போது உட்புறப் பின்சக்கரம் வெறுமனே சுழல்வதாகவும் எழுதி, அதற்குத் தடிமனான பின்பக்க ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் தண்டு) உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் பம்பர் உயர விதிக்காக 1974 இறுதியில் இந்தக் காரை ஓர் அங்குலத்துக்கும் மேல் உயர்த்தினார்கள். போதாக்குறைக்கு ரோட்ஸ்டரில் முன்பக்க பாரையும் நீக்கிவிட்டு, 1977 மாடலில்தான் முன்னும் பின்னும் பார் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது எம்ஜிபி வரிசையிலேயே மிக அதிகமாகச் சாயும் வண்டி. பின்பக்க பார் சாய்வைக் குறைக்கும்போதே உட்புறப் பின்சக்கரத்தின் மீதுள்ள எடையையும் குறைப்பதால், சாதாரண டிஃபரன்ஷியலில் (இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) அந்தச் சக்கரம் இன்னும் எளிதாகச் சுழலும். அதற்குப் பதிலாக முன்பக்க பார் போட்டால், அது சாய்வைத் தன் பக்கம் வாங்கிக்கொள்வதால் பின்சக்கரம் தரையில் நிற்கும். வெளிப்புற முன்டயரும் நிமிர்ந்து பிடிக்கும். அதனுடன் ஆஃப்செட் புஷ் (துளை மையம் விலகிய புஷ்) போட்டு ஏறக்குறைய 1 டிகிரி நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது) வைத்து, உயரத்தையும் குறைத்தால் முன்பக்கத் தள்ளல் பெருமளவு அடங்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பு, முன்பக்க லீவர் டாம்பர்களை (நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர்களை) பாருங்கள். இந்தக் காரில் டாம்பரின் கைகளே மேல் விஷ்போனாகவும் (சக்கரத்தின் மேல்பகுதியைக் காருடன் இணைக்கும் கை) வேலை செய்கின்றன; ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் மேல்விளிம்பை ஆட்டும்போது டாம்பர் தண்டு தன் துளையில் அசைந்தாலோ, அங்கே எண்ணெய் கசிந்திருந்தாலோ, நீங்கள் வைக்கும் கேம்பர் எதுவும் நிலைக்காது.