வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: மக்கள் பிரதிநிதிகளின் சம்பள உயர்வுக்கு வாக்காளர்களே கடிவாளம் போட்டதுண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஆளுநர் முதல் சட்டமன்ற உறுப்பினர் வரை அனைவருக்கும் சம்பளம் நிர்ணயிக்கும் பொறுப்பு, 1990-இல் வாக்காளர்கள் ஏற்ற 112-ஆம் முன்மொழிவின்படி, 7 பேர் கொண்ட தனி ஆணையத்திடம் சென்றது. பின்னர், நிதி நெருக்கடி முற்றியிருந்த வேளையில், 2009 மே 19 அன்று வாக்கெடுப்புக்கு வந்த 6 முன்மொழிவுகளில் ஐந்தை நிராகரித்த மக்கள், பற்றாக்குறை ஆண்டில் இவர்களுக்குச் சம்பள உயர்வு கூடாது என்ற ‘1எஃப்’-ஐ மட்டும் சுமார் 74 சதவீத ஆதரவுடன் நிறைவேற்றினார்கள். இதற்காக, ஆண்டுதோறும் கஜானாவின் நிலையை ஜூன் 1-ஆம் தேதிக்குள் நிதித்துறை இயக்குநர் சான்றளிக்க வேண்டும். இதனால் மிச்சமாகும் தொகை என்னவோ சொற்பம்தான். கோபத்துக்கு ஒரு வடிகால் என்றே இதை நான் கருதுகிறேன். வாக்கெடுப்புக்கு மறுநாளே அந்த ஆணையம் 18 சதவீதச் சம்பளக் குறைப்புக்கு வாக்களித்தது.