வாசகர் கேள்வி பதில்: பழைய காரும் புதிய எண் பலகையும்

கேள்வி: 1965ஆம் ஆண்டில் தயாரான ஆஸ்டின் மினி ஒன்றை ஜப்பானிலிருந்து சிங்கப்பூருக்குத் தருவித்திருக்கிறேன். அங்கிருந்த எண் பலகைகள் கழற்றப்பட்டு, வெறும் தாங்கிகளோடுதான் கார் கப்பலில் வந்து இறங்கியது. இங்குள்ள பட்டறையில், முன்பக்கத் தகட்டில் நேராகத் துளையிட்டு ரிவெட் அடித்துவிடலாம், பத்து நிமிட வேலைதான் என்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இடத்தில் துளையே படாத கார் என்பதால் எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி உண்டா, ஐயா?
- வாசகர், ஈசூன்

பதில்: உண்டு. உங்கள் தயக்கமும் சரியானதே. எண் பலகை என்றைக்கு வேண்டுமானாலும் மாறலாம். உடற்தகட்டில் விழுந்த துளை மாறாது. இங்குள்ள ஈரக்காற்றில், வண்ணம் பூசாமல் விட்ட துளையின் விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும். அது வெளியே தெரிவதற்குள் உட்புறத்தில் வெகுதூரம் பரவியிருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன், உங்கள் கார் எந்தத் திட்டத்தின்கீழ் பதிவாகிறது என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். குறைந்தது 35 ஆண்டுப் பழமையான வாகனங்களுக்கான திட்டத்தில் சேர்த்தால் ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். பலகையின் நிறமும் சாதாரணக் கார்களுக்கு உள்ளது போல இருக்காது. உங்கள் வகைக்கு எண் பலகையில் முத்திரை இடவேண்டும் என்றால், அது எந்த இடத்தில் வரும் என்று பரிசோதனை நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் அழகாகப் பொருத்திய பிறகு முத்திரைக்காக ஒருமுறை கழற்றுவது வீண் வேலை.

இனி காருக்கு வருவோம். ஜப்பானியப் பலகை 330 மில்லிமீட்டர் அகலமும் 165 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதன் இரண்டு திருகுகளுக்கும் இடையே 210 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். முந்தைய உரிமையாளர் அதற்கென வைத்த தாங்கிகள் உங்கள் காரில் இன்னும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதிர்ஷ்டம்தான், அவற்றை அகற்றிவிடாதீர்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகட்டை உங்கள் புதிய பலகையின் அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். பழைய தாங்கியின் துளைகளில் அந்தத் தகட்டைத் திருகி, அதன்மேல் பலகையைப் பொருத்துங்கள். துளையிடுவதெல்லாம் அந்த இடைத்தகட்டோடு நின்றுவிடும். நாளை வேறு அளவில் பலகை வந்தாலும் தகட்டை மட்டும் மாற்றினால் போதும்.

திருகுகளில் ஒரு கண் வையுங்கள். துருப்பிடிக்காத எஃகுத் திருகு அலுமினியத்தை நேராகத் தொட்டால், மழைநீர் பட்டவுடன் அந்த இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி படியும். கடற்காற்றின் உப்பு அதை இன்னும் விரைவுபடுத்தும். நைலான் வாஷர்கள் இதைத் தடுக்கும். ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளில் அவை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

முன்பலகையை எங்கே வைப்பது என்பதில் மினிக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. மற்ற பல கார்களில் முன்பக்க வலைச்சட்டமான கிரில்லுக்கு நேர் பின்னால், இயந்திரத்தைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் இருப்பதால், அதன் முன்னே பலகையை வைத்துக் காற்றை அடைப்பது தவறு. நம் ஊர் வெயிலில், நெரிசலில் நிற்கும்போது அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். அக்கால மினியிலோ இயந்திரம் குறுக்குவாட்டில் இருப்பதால் ரேடியேட்டர் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. கிரில்லுக்குப் பின்னால் இருப்பது மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். கொட்டும் மழையில் அது நனைந்து வண்டி நின்றுவிடுவது மினி உரிமையாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் குறை. ஆகவே பலகை கிரில்லின் கீழ்ப்பகுதியைச் சற்று மறைத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை, சிறிது லாபம்கூட உண்டு. ஆனால் பலகையை நம்பி டிஸ்ட்ரிபியூட்டருக்கு ரப்பர் உறை போடாமல் இருந்துவிடாதீர்கள்.

பின்பக்கத்தில், ஆரம்பகால மினிகளின் எண் பலகை மேல்விளிம்பில் கீல் வைத்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. பெட்டிக் கதவைத் திறந்து கிடத்தி அதன்மேல் சாமான் ஏற்றிச் சென்றாலும் பலகை செங்குத்தாகத் தொங்கி எண் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கதவைத் திறந்து ஓட்டினால் புகை காருக்குள் வருகிறது என்பது தெரிந்தபின் பிற்காலத்தில் அதைக் கைவிட்டார்கள். உங்கள் காரில் அந்தக் கீல் இருந்தால் எண்ணெய் விட்டு அப்படியே காப்பாற்றுங்கள். ஆடுகிறது என்று யாராவது வெல்டிங் செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள். பலகையை மட்டும் கனமில்லாத அலுமினியத்தில் செய்துகொள்ளுங்கள்.

பின்பலகை விளக்கையும் பாருங்கள். பழைய விளக்குகள் தங்கள் மின்சுற்றை உடற்தகட்டின் வழியாகவே முடித்துக்கொள்பவை. இடையில் ரப்பரும் நைலானும் வந்தால் விளக்கு எரியாமல் போகலாம். ஓர் எர்த் கம்பியைத் தனியாக இழுத்துவிட்டால் சிக்கல் தீரும். 1960களின் மினிகள் பாசிட்டிவ் எர்த் முறையில், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு இணைக்கப்பட்டு வந்தவை. உங்களுடையதை யாரும் மாற்றி அமைக்காமல் இருந்தால், கடையில் வாங்கும் சாதாரண எல்.இ.டி. பல்பு அதில் எரியாமல் போகக்கூடும். பல்பைக் குறை சொல்லும் முன் பேட்டரியின் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: என் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு இருபுறமும் ஒட்டும் நுரை நாடாவே போதுமா? மழையில் விழுந்துவிடாதா?
- வாசகி, பிடோக்

பதில்: தரமான அக்ரிலிக் நாடா நன்றாகப் பிடிக்கும், பலரும் அதை அவசரத்தில் ஒட்டித்தான் கெடுக்கிறார்கள். ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, மெழுகுப் பூச்சு ஏதும் இல்லாமல் செய்து, அழுத்தி ஒட்டியபின் மூன்று நாள் நனையாமல் வைத்திருங்கள். முழுப் பிடிப்பு வர ஏறத்தாழ 72 மணிநேரம் ஆகும். தட்டையான பரப்பு என்றால் நாடா போதும். வளைவான பரப்பில் பலகை எப்போதும் நிமிரவே பார்க்கும். அங்கே நாடாவை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அசல் வண்ணம் உள்ள காரில் நாடாவைப் பிய்க்கும்போது வண்ணமும் சேர்ந்து வரலாம். உங்கள் பீட்டிலின் பம்பரிலேயே ஒரு தாங்கியைக் கவ்வவைக்க முடியும் என்றால் அதையே செய்யுங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் கார்களில் பார்ப்பது போன்ற, கறுப்பில் வெள்ளி எழுத்துப் புடைத்து நிற்கும் பலகையை இங்கே போடலாமா?
- வாசகர், தோ பாயோ

பதில்: கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து சிங்கப்பூரின் அன்றாட வழக்கம்தான். பிரிட்டனில் 1973 முதல் புதிய வாகனங்களுக்கு ஒளி பிரதிபலிக்கும் வெள்ளை, மஞ்சள் பலகைகள் கட்டாயமாயின. நாம் பழைய கறுப்பையும் வைத்துக்கொண்டோம். உங்கள் கார் சாதாரணப் பதிவில் இருந்தால் அந்தத் தோற்றத்துக்கு நிறம் தடையாக இருக்காது. எழுத்தின் வடிவத்தையும் இடைவெளியையும் மட்டும் அலங்காரத்துக்காக மாற்றாதீர்கள். பலகை செய்பவரிடம் எண்ணைத் தொலைபேசியில் சொல்லாமல் பதிவுத் தாளையே காட்டுங்கள். கடைசி எழுத்து, முன்னுள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் கொண்டு கணக்கிட்டு வருவது. ‘பி’யை ‘டி’ என்று கேட்டு அடித்துவிட்டால் அது உங்கள் எண்ணே அல்ல.