கொட்டகைக் கடன் யார் பெயரில்?

கேள்வி: பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தில் வசிக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 92,000 ரூபாய், வீட்டு வாடகை 24,000. ராசிபுரத்தில் இருக்கும் என் தம்பிக்காக 2019-இல் 3 லட்சமும் 2022-இல் 5 லட்சமும் என் பெயரில் தனிநபர் கடன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவதற்கு இன்னும் மாதம் 14,000 ரூபாய் தவணை கட்டி வருகிறேன். இப்போது அப்பாவின் நிலத்தில் 5,000 கறிக்கோழிகளுக்கு ஒப்பந்த முறையில் பண்ணை அமைக்க 12 லட்சம் கேட்கிறான். உலகம் முழுவதும் கோழி இறைச்சிக்குத் தேவை பெருகுவதாகச் சொல்லும் காணொளிகளைத் தினமும் அனுப்புகிறான். அம்மாவும் வற்புறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, தம்பி அனுப்பும் காணொளிகளில் சொல்வது பொய்யில்லை. 1961-இல் ஏறத்தாழ 7 கோடி டன்னாக இருந்த உலக இறைச்சி உற்பத்தி இன்று 35 கோடி டன்னைத் தாண்டிவிட்டது, அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு கோழிக்குத்தான். ஆனால் அந்த வளர்ச்சி எந்த ஏற்பாட்டின் மேல் நடந்தது என்பதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் கறிக்கோழிகளில் மிகப் பெரும்பாலானவை ஒப்பந்த முறையில்தான் வளர்க்கப்படுகின்றன. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையவை, கொட்டகையும் அதற்கான கடனும் விவசாயியுடையவை. பல்லடம், நாமக்கல் பக்கம் நடப்பதும் இதே முறைதான். கறி விலை ஏறினால் லாபம் கோழிக்குச் சொந்தக்காரரான கம்பெனிக்குப் போகும், உங்கள் தம்பிக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிய வளர்ப்புக் கூலி மட்டுமே.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். 5,000 குஞ்சுகளில் நூற்றுக்கு ஐந்து இறந்துபோனால், இரண்டு கிலோ எடையில் 9,500 கிலோ தேறும். கூலி கிலோவுக்கு ஆறரை ரூபாய் என்று கொண்டால் ஒரு பேட்ச்சுக்கு ஏறத்தாழ 62,000 ரூபாய். தரையில் பரப்பும் தேங்காய் நார்த்தூள், மின்சாரம், குஞ்சுகளுக்கு வெப்பம் கொடுக்கும் செலவு, ஆள் கூலி ஆகியவற்றுக்கு 25,000 போனால் மிச்சம் 37,000. ஆண்டுக்கு ஆறு பேட்ச் ஓடினால் 2 லட்சத்து 22 ஆயிரம், அதாவது மாதம் 18,500. நீங்கள் 12 லட்சத்தை 13 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை 27,300 ரூபாய். எல்லாம் நன்றாக நடந்தாலே மாதம் 8,800 ரூபாய் பள்ளம் விழுகிறது.

எல்லாம் நன்றாக நடப்பதும் அரிது. சித்திரை, வைகாசி வெயிலில் கோழிகள் இறக்கையை விரித்து, அலகைத் திறந்து மூச்சு வாங்கும்போது, கொட்டகையின் பக்கவாட்டில் ஈரச் சாக்கு கட்டி, மதியம் முழுவதும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாலும் சில நாட்களில் நூற்றுக்கணக்கில் சாகும். புரட்டாசியில் கறி விற்பனை படுத்து விலை இறங்கினால் அடுத்த குஞ்சு இறக்குவதைக் கம்பெனி தள்ளிப்போடும். ஆறு பேட்ச் ஐந்தாகும், உங்கள் தவணை மட்டும் குறையாது. 2022-இலிருந்து அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலால் 10 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் அழிந்ததையும் நினைவில் வையுங்கள்.

ஆனாலும் கோழியைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் பழக்கம். தம்பி கேட்கும்போதெல்லாம் உங்கள் சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்குகிறீர்கள். இது மூன்றாவது முறை. கொட்டகை எழுவது அப்பாவின் நிலத்தில், கடன் இருக்கப்போவது உங்கள் பெயரில். ஐந்து ஆண்டு கட்டி முடித்த பிறகும் அதில் ஒரு தகரம்கூடச் சட்டப்படி உங்களுடையதாக இருக்காது. இரண்டு தவணையும் சேர்ந்தால் 41,300 ரூபாய், சம்பளத்தில் 45 சதவீதம். அதன் மேல் வாடகை போனால் கையில் 27,000-கூட மிஞ்சாது. பெங்களூரில் அதை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவச் செலவைக்கூடச் சமாளிக்க முடியாது.

ஆகவே இந்தக் கடனை வாங்காதீர்கள். உண்மையிலேயே பண்ணை லாபம் தரும் என்று தம்பி நம்பினால், கம்பெனியின் ஒப்பந்த நகலோடு உள்ளூர் வங்கிக்குப் போய், நிலத்தையும் கொட்டகையையும் காட்டித் தன் பெயரில் கடன் கேட்கட்டும். நடைமுறைச் செலவுக்குக் கால்நடை வளர்ப்போருக்கான கிசான் கிரெடிட் கார்டு இருக்கிறது. தேசிய கால்நடை இயக்கத்தின் 50 சதவீத மானியம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கோழியைப் பொறுத்தவரை அது நாட்டுக்கோழி இனப்பெருக்கப் பண்ணைக்கானது, ஒப்பந்தக் கறிக்கோழிக் கொட்டகைக்கு அல்ல. பணம் கட்டினால் மாதாமாதம் வருமானம் என்று செயலி வழியே விற்கப்படும் ஆட்டுப் பங்கு, கோழிப் பங்குத் திட்டங்களின் பக்கமும் போகாதீர்கள். 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு வளர்ப்பு என்ற பெயரில் பணத்தை இழந்தவர்களின் கதை கொங்குப் பகுதியில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

அம்மாவிடம் பேசும்போது தம்பியைக் குறை சொல்ல வேண்டாம். மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். தம்பிக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், திரும்பி வராது என்று தெரிந்தே, உங்கள் சேமிப்பிலிருந்து 50,000 ரூபாய் வரை கொடுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் எவ்வளவு என்பதை முதலில் வங்கியில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொண்டு, மிச்சச் சேமிப்பை வைத்து அந்த 14,000 ரூபாய்த் தவணைக் கடனை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள்.