சுவரில் என்ன மாட்டலாம்? கேள்வியும் பதிலும்

கல்லடியில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். கூடவே வீடுகளுக்குள் அலங்கார வேலையும் செய்து கொடுக்கிறேன். வீட்டை நம் விருப்பத்துக்கு அழகாக்குவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

அண்ணன், புது வீடு குடிபுகுந்து மூன்று மாதமாகிறது. சுவரெல்லாம் வெள்ளை. ஹோலுக்கு என்ன வாங்கினால் எடுப்பாக இருக்கும்? கையில் பெரிய காசு இல்லை. (ஆரையம்பதி)

ஒன்றும் வாங்காதீர்கள் தங்கச்சி, இப்போதைக்கு. முதலில் அம்மாவின் அலுமாரியைத் திறந்து பாருங்கள். அம்மம்மாவின் கூறைச்சாறி, அப்பாவின் பழைய சாரம், யாரோ பின்னிய மேசைவிரிப்பு என்று ஏதாவது அகப்படும். கடையில் வாங்கும் படம் பத்து வீட்டில் தொங்கும். இது உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

வீட்டில் துணி இல்லாவிட்டால் மருதமுனைக்கு ஒரு நடை போய்வாருங்கள். கைத்தறிச் சாரத்திலோ சாறியிலோ நல்ல நிறத்தில் ஒன்று எடுத்தால் இரண்டு மூன்று சட்டம் செய்யலாம். இரண்டங்குல அகலப் பலகையில் சட்டம் அடித்து, அதன் மேல் துணியை இழுத்து, பின்பக்கம் ஸ்டேப்ளர் அடித்தால் வேலை முடிந்தது. துணியை நான்கு பக்கமும் இரண்டங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். ஒரு விஷயத்தில் கவனம்: மூலையிலிருந்து அடிக்கத் தொடங்கக் கூடாது. நான்கு பக்கத்துக்கும் நடுவில் ஒவ்வொன்று அடியுங்கள். மறுகா எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி, நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போங்கள். கைத்தறியில் கோடும் கட்டமும் இருப்பதால் கொஞ்சம் கோணினாலும் வாசலில் நிற்கிறவர் கண்ணுக்கே தெரிந்துவிடும். துணியை முதலில் நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு எடுங்கள். சாயம் போகிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

கூறைச்சாறியை மட்டும் வெட்டவே வேண்டாம். முந்தானை வெளியே தெரியும்படி மடித்து, பருத்தித் துணி சுற்றிய பலகையில் நூலால் ஆங்காங்கே தளர்வாகத் தைத்துவிடுங்கள். நாளைக்கு மகளுக்கு வேண்டுமென்றால் நூலை அறுத்து எடுத்துக்கொள்ளலாம்.

வாப்பாவும் உம்மாவும் நிற்கும் பழைய போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் கிழிகிறது. என்ன செய்யலாம்? (கல்முனை)

உடனே கையை எடுங்கள் தம்பி. இழுக்க இழுக்க முகம்தான் முதலில் போகும்.

போட்டோத் தாளின் மேற்பரப்பில் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. ஈரக்காற்றில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். நம் பக்கத்தில் வாடைக்காற்று மழை தொடங்கினால் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் சுவரே வியர்க்கிறது. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர்களில் வேறென்ன எதிர்பார்ப்பது?

முதலில் கண்ணாடியோடு சேர்த்தே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். காலை வேளையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, பிரேமைக் கழற்றி, கண்ணாடியின் மேற்பக்கத்தைத் துடைத்துப் படுக்கவையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், பிளாஷ் வேண்டாம். உங்கள் வெள்ளைச் சேர்ட் கண்ணாடியில் தெரியும், ஆகையால் கறுப்புத் துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் நேர் மேலிருந்து எடுங்கள். அந்தப் பிரதியை ஸ்டூடியோவில் கொடுத்துச் சரிசெய்து புதிதாக அச்சிட்டு மாட்டுங்கள். மூலப்படத்தைக் கண்ணாடியோடு அப்படியே துணியில் சுற்றி அலுமாரியில் வையுங்கள்.

இனிப் பிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் அட்டை, அதாவது படத்தைச் சுற்றி விளிம்பாக வரும் தடித்த அட்டை, வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி போதும். பிரேமின் பின்புறக் கீழ் மூலைகளில் போத்தல் தக்கையை மெல்லியதாக வெட்டி ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் இடையில் காற்று ஓடும், பூஞ்சணம் பிடிக்காது. மழை அடிக்கிற வெளிச்சுவரிலும் குளியலறைச் சுவரிலும் போட்டோ மாட்டாதீர்கள். கடற்கரைப் பக்க வீடென்றால் இரும்பு ஆணியும் வேண்டாம். துருக்கோடு சுவர் நெடுக இறங்கும். துளைபோட்டு பிளக் வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடுங்கள்.

எத்தனை அடி உயரத்தில் மாட்ட வேண்டும்? (களுவாஞ்சிகுடி)

படத்தின் நடு, தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். உட்கார்ந்தே பார்க்கிற இடமென்றால் இன்னும் கொஞ்சம் கீழே. நம் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் படம் கூரையோடு கதைபேசிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் உருவப்படம் வைப்பதில்லை. தங்க நிறப் பிளாஸ்டிக்கில் அறபு எழுத்து வைத்தவை எல்லா வீட்டிலும் இருக்கின்றன. வேறு மாதிரி என்ன செய்யலாம்? (காத்தான்குடி)

மார்க்க விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன், அது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியது. அழகைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கையால் எழுதிய எழுத்தணிக்கு ஈடு ஒன்றும் இல்லை. ஊரில் நன்றாக எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதிவாங்கி, சுற்றிலும் நான்கங்குல வெறும் மவுண்ட் விட்டுப் போடுங்கள். அந்த வெறும் இடம்தான் எழுத்தைத் தூக்கிக் காட்டும்.

இன்னொன்று, பன் புல்லில் பின்னும் பன்பாய். புதுப்பாயின் சிவப்பும் பச்சையும் கலந்த கட்டங்கள் எந்த ஓவியத்துக்கும் குறைந்தவை அல்ல. சிறிய பாயாக எடுத்து, மேலேயும் கீழேயும் மூங்கில் கம்பு கோத்துத் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் வெயில் கிடைக்கிற நாளில் இறக்கி ஒரு முறை காயவைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கரும்புள்ளி விழும். கடும் வெயில் நேரே படுகிற சுவரில் மாட்டினால் சாயம் வெளுத்துவிடும்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். (மட்டக்களப்பு நகர்)

சொன்னால் சொன்னதுதான், மீறாதீர்கள். பெரிய படத்தை அலுமாரி மேலோ தாழ்ந்த மேசை மேலோ வைத்துச் சுவரில் சாய்த்துவிடலாம். கீழே வழுக்காமல் ஒரு றப்பர்த் துண்டு. திரைச்சீலைக் கம்பியிலிருந்து நைலோன் நூலில் சின்னச் சின்னப் படங்கள் தொங்கலாம். ஒட்டும் கொக்கி வாங்கும் முன் சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். கையில் வெள்ளையாக மா ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதில் எந்தக் கொக்கியும் நிற்காது.

மூன்று வயது மகன் சுவரெல்லாம் கீறுகிறான். (அக்கரைப்பற்று)

கீறட்டும் ராத்தா. ஒரு சுவரில் மட்டும் மூன்றடி உயரத்துக்குக் கரும்பலகைப் பெயின்ற் அடித்துக் கொடுங்கள். தாளில் கீறுவதை ஒரு கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, புதிது வரும்போது பழையதைக் கழற்றுங்கள். வீட்டின் முதல் ஓவியன் அவன்தானே.

அப்பப்பா வடமோடி என்ற நம் ஊர்க் கூத்து வகையில் அரசனாக ஆடியவர். அவருடைய முடியும் சில உடுப்புத் துண்டுகளும் பெட்டிக்குள் கிடக்கின்றன. ஹோலில் வைக்கலாமா? (ஆலையடிவேம்பு)

இந்தக் கேள்விக்காகவே மற்றவற்றை வேகமாக முடித்தேன். பல வீடுகளில் அம்பலாங்கொடை முகமூடி வாங்கி மாட்டுகிறார்கள். அழகான வேலைதான், ஆனால் அது தெற்கின் கலை. நம் கூத்தின் அழகு முடியிலும், கரப்புப் போல விரிந்து நிற்கும் கரப்புடுப்பிலும், கால் சதங்கையிலும் இருக்கிறது. அதை உங்கள் அப்பப்பாவே தலையில் வைத்து ஆடியிருக்கிறார் என்றால் நான் என்ன சொல்ல?

முதலில் கூத்துப் பழக்கும் ஊர் அண்ணாவியாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில ஊர்களில் கூத்துப் பொருளுக்குக் கோயிலோடு தொடர்பு இருக்கும், வீட்டில் காட்சிக்கு வைக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சரி என்றால் ஆழமான கண்ணாடிப் பெட்டி செய்யுங்கள். முடியின் உயரத்தை அளந்து, உட்புறம் எல்லாப் பக்கமும் மூன்றங்குலம் இடம் விடுங்கள். உள்ளே கருநீலமோ கருஞ்சிவப்போ துணி ஒட்டினால் மினுக்கம் எடுபடும். சரிகையையும் கண்ணாடித் துண்டையும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டாலே போதும். உதிர்ந்த மணிகளைத் திரும்ப ஒட்டவும் வேண்டாம், ஒரு சிறு உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பக்கத்தில் அவர் ஆடிய போட்டோ இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கூத்து, என்ன வேடம், எந்த ஊர்க் களரியில் (ஆடுகளத்தில்) ஆடினார் என்று வயதானவர்களிடம் விசாரித்து ஒரு சின்ன அட்டையில் எழுதிவையுங்கள். விசாரிக்கக்கூடிய ஆட்கள் இன்னும் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

மட்டக்களப்பைக் காட்டும் படம் வேண்டும். கல்லடிப் பாலம் தவிர எதுவும் கிடைக்கவில்லை. (செங்கலடி)

உண்மைதான், அந்தப் பழைய இரும்புப் பாலத்தை மாட்டாத அலுவலகம் இல்லை. வெள்ளாப்பில் எழும்பி வாவிக்கரைக்குப் போனால் தோணியும் அத்தாங்கும் வலையும் உங்கள் போனுக்கே கிடைக்கும். வரைந்துதான் வேண்டுமென்றால், கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். 'மட்டக்களப்பு வரைந்து தா' என்று சொல்லாமல் உங்களுக்கு ஞாபகமிருக்கும் ஓர் இடத்தைச் சொல்லுங்கள்: அம்மம்மா வீட்டுக் கிணற்றடி, பள்ளிக்கூடத்து வாகை. அளவையும் நாளையும் முதலே பேசி, பாதிக் காசை முன்பணமாகக் கொடுங்கள். படிக்கிற பிள்ளைதானே என்று விலையைக் குறைக்காதீர்கள்.

எல்லாம் செய்தும் இரவில் வீடு களையாக இல்லை. (திருக்கோவில்)

டியூப் லைற்றாக இருக்கும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் வாசிக்க நல்லது, ஓவியத்தையும் முகத்தையும் வெளிறவைக்கும். 2700 அல்லது 3000 என்று எழுதிய எல்ஈடி பல்ப் இரண்டு வாங்கி, ஒன்றைப் படத்துக்குப் பக்கத்திலும் மற்றதைக் கதிரைப் பக்கத்திலும் உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். டியூபைக் கழற்றத் தேவையில்லை, பிள்ளைகள் படிக்கும்போது போடலாம்.