அப்பாவை ஏன் திட்டினீர்கள்?

கேள்வி: நாள் தவறாமல் ஐந்தாறு அழைப்புகள். கடன் வேண்டுமா, காப்புறுதி வேண்டுமா என்று ஒரு கூட்டம். போலீஸ், நீதிமன்றம் என்று மிரட்ட இன்னொரு கூட்டம். ஓர் எண்ணை முடக்கினால் வேறு எண்ணில் வருகிறார்கள். வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்துவிட்டேன். போன வாரம் 71 வயதான என் அப்பா, போலீஸ் என்று சொன்ன ஒருவனோடு நாற்பது நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். நல்லவேளை, பணம் போகவில்லை. கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, ‘இவ்வளவு படித்தும் புத்தியில்லையா?’ என்று அவரையும் நன்றாகக் கேட்டேன். இவர்கள் அடங்க என்ன சொல்லித் திட்ட வேண்டும்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று பேர் திட்டு வாங்கியிருக்கிறார்கள்: கடன் விற்பவர், மோசடிக்காரன், உங்கள் அப்பா. முதல் இருவரும் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள். திட்டு உறைத்தது மூன்றாமவருக்கு மட்டும்தான். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

கடன், காப்புறுதி விற்பவர்களையும் மோசடிக் கும்பலையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். முதல் வகையினர் பெரும்பாலும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். இன்றைக்கு இத்தனை பேரிடம் பேசியாக வேண்டும் என்று மேலே ஒருவர் கணக்கு வைத்திருப்பார். ‘வேண்டாம்’ என்று சொல்லி வைத்தால் மூன்று விநாடி. திட்டினால் மூன்று நிமிடம். அதோடு உங்கள் இரத்த அழுத்தம்.

அவர்களிடம் கோபப்படுவதற்கு முன், உங்கள் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்தீர்களா? நான் யோசித்தேன், வெட்கமாகப் போயிற்று. பினாங்குத் தீவில் ஒரு பேரங்காடியின் தரைத்தளத்தில் கார் ஒன்றை நிறுத்தி அதிர்ஷ்டக் குலுக்கு நடத்தினார்கள். நூலில் கட்டிய பேனாவால் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண் எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டம் மாத வருமானம். காருக்கும் என் வருமானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்காமல் அதையும் எழுதிப் பெட்டியில் போட்டேன். அவசரத்தில் என் பெயரில் ஓர் எழுத்து தவறிவிட்டது. இரண்டு வாரம் கழித்து கிரெடிட் கார்டு விற்க அழைத்த பெண் அதே தவறான பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார். கார் யாருக்குக் கிடைத்ததோ தெரியாது, என் எண் எத்தனையோ பேருக்குக் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அப்படிப்பட்ட படிவங்களில் என் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அழைப்பவர் வாயைத் திறந்ததும் எந்தப் படிவம் என்று தெரிந்துவிடுகிறது.

இந்த வகை அழைப்புக்கு மருந்து சட்டத்தில் இருக்கிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அதன் 43ஆவது பிரிவு, ‘என் விவரங்களை நேரடி விற்பனைக்குப் பயன்படுத்தாதே’ என்று எந்த நிறுவனத்துக்கும் அறிவிக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. ஆனால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தொலைபேசியில் போட்ட கூச்சல் அந்தக் கணக்கில் சேராது. அழைப்பவரிடம் நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்குங்கள். இரண்டு வரி மின்னஞ்சல் போதும். அதற்குப் பிறகும் விடவில்லையென்றால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம். அவர் உத்தரவிட்ட பிறகும் மீறுபவருக்கு அந்தப் பிரிவு வைத்திருக்கும் தண்டனை 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆண்டுக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கும் நம்மில் எத்தனை பேர் அந்த இரண்டு வரியை எழுதியிருக்கிறோம்?

இனி அந்தப் ‘போலீஸ்’. நாளேடுகள் ‘மக்காவ் மோசடி’ என்று எழுதுகின்றனவே, அதுதான். மோசடிக்காரனுக்குச் சட்டத்தின் பிரிவெல்லாம் பொருட்டில்லை, உங்கள் திட்டும் பொருட்டில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் இணைப்பிலேயே இருக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. இதழ் முடிக்கும் நாள் ஒன்றில், பக்கங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டிய மதிய வேளையில், எனக்கும் வந்தது. பதிவு செய்த பெண் குரல்: உங்கள் பெயரில் வந்த பொட்டலம் தடுத்து வைக்கப்பட்டுள்ளது, விவரத்துக்கு 1ஐ அழுத்தவும். அழுத்தினேன். ஒருவர் பேசினார், பிறகு ‘கோத்தா கினபாலு காவல் தலைமையகத்து சார்ஜன்’ ஒருவருக்கு மாற்றினார். பினாங்குக்காரனுக்கு ஏன் கோத்தா கினபாலு? ‘இதோ நேரில் வருகிறேன்’ என்று நான் கிளம்பிவிடக் கூடாது அல்லவா? நடுவில் ஒரு கடல் இருப்பது அவனுக்கு வசதி. வர முடியாது என்றதும் பெரிய மனது பண்ணி, வாக்குமூலத்தைத் தொலைபேசியிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு ‘துவான்’, மலாயில் ‘ஐயா’. பின்னணியில் வாக்கி டாக்கி கரகரப்பு, தட்டச்சு ஓசை, யாரோ இருமும் சத்தம். இணைப்பைத் துண்டித்தால் விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்ததாகப் பதிவாகும் என்றான். என் அடையாள அட்டை எண்ணைத் தடுமாறாமல் ஒப்பித்தான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

எத்தனை நிமிடம் பேசினேன் தெரியுமா? பதினெட்டு. மோசடிகளைப் பற்றி இதே பத்திரிகையில் பத்துப் பதினைந்து முறையாவது எழுதியிருக்கும் நான்! என்னைக் காப்பாற்றியது அறிவு இல்லை. கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துபோனது. கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிடத்தில்தான் மண்டைக்குள் ஒன்று உறைத்தது: பின்னணியில் கேட்ட இருமல் ஒரே இருமல். அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பதிவு செய்த சத்தம். அவன் பேசிக்கொண்டிருந்தவரை அது என் காதில் விழுந்தும் விழவில்லை.

அடையாள அட்டை எண்ணுக்கு வருகிறேன். உங்கள் அப்பாவையும் அதுதான் நாற்பது நிமிடம் உட்கார வைத்திருக்கும் என்பது என் ஊகம். நம் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அதை ஒவ்வோர் ஆண்டும் கேக் படத்தோடு முகநூலில் நாமே அறிவிக்கிறோம். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. மிச்சம் எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த மிச்சத்தையும் என்னைப் போன்றவர்கள் குலுக்கல் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறோம். எண்ணைச் சரியாகச் சொல்பவன் போலீஸ் என்றால், பேரங்காடியில் அந்தப் பெட்டியைக் காலி செய்தவரும் போலீஸ்தான்.

உண்மையான போலீஸ் தொலைபேசியில் வாக்குமூலம் வாங்குவதில்லை, கைது ஆணையை வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. ‘விசாரணை முடியும்வரை பணத்தைப் பேங்க் நெகாரா கணக்கில் போட்டு வையுங்கள்’ என்பது இவர்களின் வழக்கமான பல்லவி. பேங்க் நெகாரா நாட்டின் மத்திய வங்கி, உங்களுக்கும் எனக்கும் கணக்குத் திறந்து தரும் வங்கியே இல்லை. எண்ணையோ வங்கிக் கணக்கையோ சரிபார்க்க வேண்டுமானால் போலீஸ் நடத்தும் ‘செமாக் மியூல்’ இணையத்தளம் இருக்கிறது. ஆனால் அங்கே ஓர் எண் இல்லை என்பதால் அது யோக்கியமான எண் ஆகிவிடாது. நேற்று வாங்கிய சிம் அட்டைக்கு இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நீங்கள் கேட்ட அந்தச் சொல் என்னிடம் இல்லை. பேசாமல் வைத்துவிடுங்கள். ‘மன்னிக்கவும்’கூட வேண்டாம். எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன் வைப்பது மரியாதை இல்லை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள். அந்த வளர்ப்பை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான். தெரியாத எண் என்றால் எடுக்காமலேயே விடலாம். பொட்டலம் கொண்டுவருபவரோ மருத்துவமனையோ உண்மையிலேயே அழைத்திருந்தால் செய்தி அனுப்புவார்கள், இல்லையென்றால் மறுபடி அழைப்பார்கள். சந்தேகம் தீரவில்லையா, பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நடந்து போய்க் கேளுங்கள்.

யார் வீட்டிலாவது பணம் போய்விட்டது என்றால், அழுவதற்கு முன் இரண்டு அழைப்புகள்: வங்கியின் அவசர எண்ணுக்கு ஒன்று, 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997க்கு ஒன்று. போலீஸ் புகாரும் உடனே கொடுக்க வேண்டும். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று தாவிக்கொண்டே இருக்கும். கடைசிக் கணக்கைத் தாண்டுவதற்குள் பிடித்தால் உண்டு. ‘மகளுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாளோ’ என்று தயங்கும் ஒரு மணி நேரம் மோசடிக்காரனுக்கு நாம் இலவசமாகக் கொடுக்கும் நேரம்.

அதனால்தான் கேட்கிறேன், அப்பாவை ஏன் திட்டினீர்கள்? ‘இதை யாரிடமும் சொல்லாதீர்கள், குடும்பத்திடமும் கூடாது’ என்று அவன் கட்டாயம் சொல்லியிருப்பான். எல்லோரிடமும் சொல்வதுதான். நீங்கள் போட்ட சத்தத்தில் அவன் சொன்னதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். அடுத்த அழைப்பு வந்தால் அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுங்கள். சாயங்காலம் ஒரு கோப்பி கலக்கிக் கொடுத்து, அந்த நாற்பது நிமிடத்தில் அவன் என்னென்ன கேட்டான், அப்பா என்னென்ன சொன்னார் என்று முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள். கணக்கு எண், அட்டை எண் ஏதாவது சொல்லியிருப்பது தெரிந்தால், அவர் எதிரிலேயே வங்கிக்கு அழையுங்கள். வேண்டுமானால் நானும் பதினெட்டு நிமிடம் பேசினேன் என்று சொல்லுங்கள்.