பனிச்சறுக்கும் ஆடம்பரமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலைகளைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஓர் ஆடம்பரப் பனிச்சறுக்கு விடுதியில் ஒரு வாரம் தங்கலாம் என்று நண்பர்கள் என்னையும் அழைக்கிறார்கள். எனக்கு வயது 46. சறுக்குப் பலகையைத் தொட்டதுகூட இல்லை. விடுதியின் விளம்பரத்தில் வெந்நீர்க் குளம், கணப்படுப்பு, தனிச் சமையற்காரர், ஹெலிகாப்டர் என்று எல்லாம் இருக்கின்றன. மலை பின்னணிப் படமாக மட்டும் நிற்கிறது. இந்த ஆடம்பரம் எதற்காக? சறுக்கத் தெரியாதவன் அங்கே போவதில் பொருள் உண்டா? போவதென்றால் டிசம்பர் இறுதியிலா, மார்ச்சிலா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வெந்நீர்க் குளமும் கணப்படுப்பும் எந்த ஊரின் நல்ல விடுதியிலும் கிடைப்பவைதான். பனிச்சறுக்குத் தலம் ஒன்றில் பெரும்பணம் கொடுத்து வாங்கப்படும் முதன்மையான பொருள், நீங்கள் போய்ச் சேரும் நாளில் சரிவில் போதுமான பனி கிடக்கும் என்ற உறுதி. அறையின் அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இன்றைய நிலையில் அந்த உறுதி பெரும்பாலும் உயரத்தைப் பொறுத்தது என்பதால், உயரமான இடத்தில் படுக்கை கிடைப்பதே அங்கே பெரிய ஆடம்பரம்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆல்ப்ஸ் கோடைக்காலத்துக்கான இடமாகவே இருந்தது. சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கிலுள்ள செயின்ட் மோரிட்ஸில் விடுதி நடத்திய யோஹன்னஸ் பாட்ருட், 1864ஆம் ஆண்டு கோடை முடிந்து ஊர் திரும்பவிருந்த ஆங்கில விருந்தினர்களிடம், குளிர்காலத்தில் திரும்பி வாருங்கள், வெயில் பிடிக்காமல் போனால் உங்கள் பயணச் செலவை நானே தருகிறேன் என்று பந்தயம் கட்டியதாகவும், வந்தவர்கள் வசந்தம் வரை தங்கிவிட்டதாகவும் ஒரு கதை அங்கே வழங்கிவருகிறது. கதை ஓரளவு மெருகேற்றப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் உறுதியளித்தது வெயிலை என்பதைக் கவனியுங்கள். பனியைப் பற்றி யாரும் உறுதி கேட்கவில்லை. அது மாதக்கணக்கில் தானாகக் கிடந்தது. வந்தவர்கள் சறுக்குவண்டி ஓட்டினார்கள், உறைந்த ஏரியில் சறுக்கினார்கள். நோர்வேயிலிருந்து வந்த சறுக்குப் பலகை அந்தப் பகுதிகளில் பரவியது அந்த நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில்தான். அப்போதும் இறங்க விரும்பியவர் முதலில் ஏறியாக வேண்டியிருந்தது. அரை நாள் ஏற்றத்துக்குச் சில நிமிட இறக்கம் கிடைத்தது.

அந்தக் கணக்கை மாற்றியது, கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மேலே ஏற்றும் சேர் லிஃப்ட். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் தன் பயணிகளைப் பெருக்குவதற்காக உருவாக்கிய சன் வேலி என்ற தலத்தில் 1936இல் அது முதன்முதலாக இயங்கியது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கரன் என்ற பொறியாளருக்குக் கப்பல்களில் வாழைத்தார்களை ஏற்றும் கொக்கிப் பொறியோடு பழக்கம் இருந்தது. தார் தொங்கிய இடத்தில் நாற்காலியை மாட்டினார். பணக்கார விருந்தினர்கள் வாழைத்தாரின் முறைப்படி மலையேறத் தொடங்கியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் விளைவு பெரிது. ஒரு நாளைக்கு ஓரிரு முறை இறங்கியவர் பலமுறை இறங்கினார். ஆயிரக்கணக்கானோர் ஒரே சரிவைத் தேய்த்தபோது பனி கரடுமுரடானது, மெலிந்தது. அதைச் சமன்படுத்த இயந்திரம் வந்தது, மெலிந்த இடத்தை நிரப்பச் செயற்கைப் பனி வந்தது. ஒவ்வொரு வசதியும் அடுத்த வசதியைக் கட்டாயமாக்கியது.

எந்த வசதி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதற்குப் பிரான்ஸின் கூர்ஷவெல்லைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இன்று ஆடம்பரத்துக்குப் பேர்போன அந்த ஊர் 1946இல் சவாய் மாவட்ட நிர்வாகத்தின் பொதுத் திட்டமாகத் தொடங்கப்பட்டது. எளிய மக்களும் மலைக்கு வந்து குளிர்கால விடுமுறையைக் கழிக்க வேண்டும் என்பது அதைத் திட்டமிட்டவர்களின் எண்ணம். அதன் உச்சிக் குடியிருப்பு தன் பெயரிலேயே 1850 என்ற மீட்டர் கணக்கைத் தாங்கி நிற்கிறது. ஊரின் மையம் உண்மையில் அதைவிடச் சுமார் 100 மீட்டர் தாழ்வானது. ஓர் ஊர் தன் உயரத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நான் மேலே சொன்ன பனி உறுதியில்தான் போய் முடியும்.

அந்த உறுதிக்கு ஓர் அளவுகோலும் உண்டு. டிசம்பர் தொடக்கம் முதல் ஏப்ரல் நடு வரை குறைந்தது 100 நாட்களுக்கு 30 சென்டிமீட்டர் பனியாவது நிற்க வேண்டும், அதுவும் பத்துக் குளிர்காலங்களில் ஏழிலாவது நிற்க வேண்டும் என்பது சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர்கள் வகுத்துப் பரவலாகப் பயன்படும் விதி. 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஆல்ப்ஸ் பகுதியோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சுமார் 2 டிகிரி வெப்பமடைந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பனி நிற்கும் கோடு சில நூறு மீட்டர் மேலே ஏறிவிட்டது என்பதும், தாழ்வான பழைய ஊர்கள் ஏன் தம் லிஃப்டுகளைக் கழற்றுகின்றன என்பதும் விளங்கும். செயற்கைப் பனியைத் தூவும் பனிப் பீரங்கிகள் எங்கும் உதவும் என்று எண்ண வேண்டாம். நீர்த்துளி காற்றில் உறைய, ஈரப்பதத்தையும் கணக்கில் கொண்ட ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். ஒரு ஹெக்டேர் சரிவை 30 சென்டிமீட்டர் மூடச் சுமார் 10 லட்சம் லிட்டர் நீர் வேண்டும், அதை மேலே ஏற்ற மின்சாரம் வேண்டும். இத்தாலியின் சறுக்குப் பாதைகளில் ஏறக்குறைய 90 விழுக்காட்டில் இந்த ஏற்பாடு உண்டு. ஆகவே விடுதியைத் தேர்வு செய்யும் முன், அறையின் படங்களை ஒதுக்கிவிட்டு, லிஃப்டுகள் எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிகின்றன, சரிவுகள் வடக்கு நோக்கியவையா என்று கேளுங்கள்.

சறுக்கத் தெரியாதவன் போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தாராளமாகப் போகலாம், கற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால். 46 வயது ஒரு தடையே இல்லை. கடினமாக இருக்கப்போவது உங்கள் உடலின் இயல்பான அச்சம்தான். சரிவைக் கண்டதும் உடல் பின்னால் சாயும். பின்னால் சாய்ந்த கணமே பலகையின் முன்பகுதி எடையிழந்து உங்கள் கட்டுப்பாட்டை விட்டுப் போகும். எடையை முன்னால், சரிவின் பக்கமாகவே கொடுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் நூறு முறை சொல்வார். நூறாவது முறைக்குப் பிறகுதான் முழங்கால் அதை ஒப்புக்கொள்ளும். முதலில் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து வேகத்தைத் தணிக்கக் கற்பிப்பார்கள். அங்கேதான் பணத்தைச் செலவழியுங்கள். தனி அறையைவிடத் தனிப் பயிற்சியாளர் உங்களுக்கு அதிகம் தருவார். காலணியை வாடகைக் கடையில் பொறுமையாகப் பொருத்திப் பாருங்கள். குதிகால் எழக்கூடாது, காலுறை ஒன்றே போதும், அதுவும் மெல்லியதாக இருக்கட்டும். நண்பர்கள் உற்சாகத்தில் உங்களைச் சிவப்புப் பாதைக்கு இழுப்பார்கள். ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. முதல் வாரம் முழுவதும் பச்சையிலும் நீலத்திலும் இருப்பதில் இழுக்கு எதுவும் இல்லை. முன்னால் செல்பவருக்கே முன்னுரிமை, பின்னால் வருபவர்தான் ஒதுங்கி வழி தேட வேண்டும் என்ற விதியை மட்டும் முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஹெலிகாப்டரை மறுத்துவிடுங்கள். பிரான்ஸில் பொழுதுபோக்குக்காக ஆட்களை மலைமேல் இறக்குவது 1985இன் மலைச் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது; அனுமதி உள்ள நாடுகளிலும் அது தேர்ந்தவர்களுக்கானது. குறியிட்ட பாதைகளில் விடியலுக்கு முன்பே வெடிவைத்துப் பனிச்சரிவுகளை வேண்டுமென்றே இறக்கிவிடுகிறார்கள். இரவெல்லாம் விளக்கெரிய இயந்திரம் ஓட்டிப் பனியைச் சீராக்குகிறார்கள். நீங்கள் எழும்போது அவர்கள் உறங்கப் போயிருப்பார்கள் என்பதால் அந்த உழைப்பு விருந்தினர் கண்ணில் படுவதே இல்லை. பாதையை விட்டு விலகியதும் அந்தக் காவல் முடிந்துவிடுகிறது. பெரும்பாலான பனிச்சரிவு மரணங்களில் அந்தப் பனிச்சரிவைக் கிளப்பியவர் அதில் சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான். ஐந்து படிகள் கொண்ட பனிச்சரிவு அபாய அளவையில் மூன்றாம் படி நடுவில் இருப்பதால் மிதமானது என்று எண்ணுகிறார்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்தப் படி அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் நிகழ்கிறது.

வெயில் தடுப்புக் கண்ணாடியும் களிம்பும் கட்டாயம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும்.

டிசம்பர் இறுதி வேண்டாம். பகல் குறுகியது, விடுமுறைக் கூட்டம் அதிகம், பனி இன்னும் முழுதாகச் சேர்ந்திருக்காது. மார்ச் நடுவில் உயரமான தலங்களில் பனியின் ஆழம் நன்றாக இருக்கும், வெயிலும் நீளும். இரவில் இறுகிய பனி காலையில் கல்லாக இருக்கும், பிற்பகலில் கூழாகிவிடும். ஆகவே பயிற்சியை ஒன்பது மணிக்குத் தொடங்காமல் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். விளம்பரத்தில் கண்ட வெந்நீர்க் குளத்துக்கு அதன் பிறகு நேரம் இருக்கும்.

அன்புடன்.